ஜனவரியில் பன்னிரண்டு

டாவிஸ்டாக்கில் வெளியே மைனஸ் இருபத்திரண்டு,
சாணத் தொட்டிக்குள் முப்பத்தெட்டு.
நடுவில் ஒரு கறுப்பு ரப்பர் தோல்.
சாப்பிட்டுப் படுத்தவன் வயிறு மாதிரி
ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.

நான் இங்கே வாயு அளக்கிறவள்.
பள்ளிப் படிவத்தில் 'தாயின் தொழில்' கட்டத்தில்
'மாட்டு ஏப்பம்' என்று எழுதியிருந்தாள் நிறைமொழி.
ஏப்பம் இல்லையடி, இது பின்பக்கம் என்றேன்.
அழிக்க மறுத்துவிட்டாள்.

நூற்றெண்பது மாடு.
கெரிட் போஸ்மா எல்லாவற்றையும்
காதுப் பட்டை எண்ணால் கூப்பிடுவார்,
நானூற்றுப் பதினேழை மட்டும் பெயர் சொல்லி.
பெயரை என்னிடம் சொன்னதில்லை.
இறந்துபோன மனைவியுடையதாக இருக்கலாம்,
கடன் கொடுத்த வங்கி மேலாளருடையதாகவும் இருக்கலாம்.

கடன் பெரியது.
அழுகிய முட்டை நாற்றத்தைக் கழுவ ஒரு கோபுரம்,
கரியமில வாயுவைப் பிரிக்க இன்னொன்று.
இரண்டையும் தாண்டி வருவது
மணமே இல்லாத மீத்தேன்.
ஊர்க் குழாயில் விடுமுன்
அதில் திரும்பவும் நாற்றம் கலக்கிறோம்.
கசிந்தால் மூக்குக்குத் தெரிய வேண்டுமாம், சட்டம்.
முதல் நாள் இதைக் கேட்டு நான் சிரித்ததில்
கண்ணாடியில் ஆவி படிந்து
போஸ்மா தெரியாமல் போனார்.

குழாய்க்குள் மேற்கிலிருந்து வந்த பழையது நிற்கும்.
அது புல்லாக இருந்ததா, பாசியாக இருந்ததா
என்று அதற்கே மறந்திருக்கும்.
எங்களுடையது போன செவ்வாய்க்கிழமைச் சோளத்தட்டை.
ஒரு கார்பன், நாலு ஹைட்ரஜன்,
அதற்கும் அப்படித்தான், இதற்கும் அப்படித்தான்.
கலந்தபின் எது கிழம் எது குழந்தை என்று
எந்த அடுப்பும் கேட்பதில்லை.
புகைபோக்கிக்கு மேலேதான் கணக்கு வேறு.
இது காற்றிடம் வாங்கிய கைமாற்று, திரும்பிப் போகிறது.
அது புதைத்ததைத் தோண்டி எடுத்த கடன்,
வட்டி ஏறிக்கொண்டே இருக்கிறது.

வியாழக்கிழமை கூட்டம், பனிச்சறுக்கு அரங்கின் மாடியில்.
எரிவாயுக் கம்பெனிப் பையன்
பச்சை வயலில் ஒரு கன்றுக்குட்டியைத் திரையில் காட்டி
எதிர்காலம் என்றான்.
முழு ஊருக்கும் போதுமா என்று யாரோ கேட்டார்கள்.
அவன் என்னைப் பார்த்தான்.

எழுந்து சொன்னேன்.
ஒரு வீட்டுக்கு ஆண்டுச் சராசரி ஐந்து மாடு.
அப்படியென்றால் முப்பத்தாறு வீடு.
கைதட்டத் தொடங்கினார்கள்.
இருங்கள், ஜனவரியில் வீட்டுக்குப் பதினைந்து மாடு.
அப்போது பன்னிரண்டு வீடு.
ஊரில் ஆயிரத்துச் சொச்சம்.

தட்டிய கைகள் பாதியில் நின்றன.
பிஸ்கட் கடிபடும் சத்தம்.
முடி வெட்டும் டெனீஸ்தான் கேட்டாள்:
"அந்தப் பன்னிரண்டு யாரு?"

முதியோர் இல்லம் என்றார் ஒருவர்.
ரொட்டிச் சூளை, அதை மின்சாரத்தில் ஓட்ட முடியாது என்றார்
சூளைக்காரர்.
மற்றவர்கள் ஒருவர் வீட்டு உலையை ஒருவர்
மனசுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
தீர்மானம் எதுவுமில்லை. காபி தீர்ந்தது, கலைந்தோம்.

அன்றிரவு மெழுகுவத்தி ஏற்றி
ஜன்னல் ஜன்னலாக நடந்தேன்.
சட்டத்தோரம் சுடர் சாய்ந்தால்
அந்த வழியே வெளியேறுகிறது சூடு.
பின்னால் டேப்போடு நிறைமொழி:
"இங்க ஒரு மாடு, அம்மா.
இங்க ஒண்ணு.
கதவடியில ஒரு மந்தையே போகுது."
எத்தனையை மடக்கினோம் என்று
மாதக் கடைசியில் மீட்டர் சொல்லும்.
நாலு இருக்கும் என்கிறாள் அவள்.
நான் ரெண்டு என்கிறேன்.

இன்று விடியற்காலை அழுத்தும் இயந்திரம் உறைந்தது.
சேமிக்க இடமில்லை. அப்படியே விடவும் முடியாது,
எரிக்காத மீத்தேன் வானத்துக்குக் கொடும்பகை.
கொளுத்திவிட்டோம், ஆறு மணி நேரம்.
மூன்று வீட்டின் ஒரு நாள்.
போஸ்மா தொப்பியைக் கழற்றவில்லை, பேசவும் இல்லை.
கொட்டகை வாசலில் நானூற்றுப் பதினேழு
அசைபோட்டபடி அந்தச் சுடரையே பார்த்து நின்றது.

காற்றே இல்லை.
சுடர் எந்தப் பக்கமும் சாயவில்லை.