காற்றுண்ணி

மைனஸ் முப்பத்திரண்டு.
ரெஜைனாவில் கடைக் கதவு திறந்தால்
குளிர்தான் முதலில் வரும், ஆள் பிறகு.
ஓரஸ்ட் ஹ்னாட்டியுக் கோட்டுப் பொத்தானைக் கழற்றி
கம்பளித் தொப்பி ஒன்றை மேசையில் வைத்தார்.
தொப்பிக்குள் பச்சோந்தி.
பச்சை எங்கேயோ போயிருந்தது.
விலா எலும்பை எண்ணலாம். எண்ணினேன்,
பதினொன்றில் விட்டுவிட்டேன்.

என்ன கொடுக்கிறீர்கள்?
'இதற்கு எதற்கு? காற்றுதானே தின்னும்.
மகள் விட்டுப்போனது.
வாரம் ஒருமுறை பஞ்சில் சர்க்கரைத் தண்ணீர்.'

எஸ்டவனுக்கு சர்க்கஸ் வந்த வருடம்
இருபத்தைந்து காசுக்கு அவர் அப்பா ஒன்று வாங்கினாராம்.
கழுத்தில் நூலளவு சங்கிலி,
மறுமுனையில் சட்டையில் குத்த ஊசி.
சர்க்கரைத் தண்ணீர் என்று சொன்னவன், விற்றவன்.
'ஞாயிறு பூசைக்குக் குத்திக்கொண்டு போனார்.
எல்லோரும் பார்த்தார்கள்.'
அடுத்த ஞாயிறு?
கையுறையைப் பார்த்தபடி இருந்தார்.
அது பச்சோந்தியே இல்லை, ஏதோ பச்சைப் பல்லி.
நான் சொல்லவில்லை.

சிரிக்க எனக்கு யோக்கியதையும் இல்லை.
நிலவைத் தின்னும் சகோரத்துக்கும்
மழைத்துளிக்கு வாய் பிளந்த சாதகத்துக்கும்
பரீட்சையில் மதிப்பெண் வாங்கியவன்.
பாம்புக்குக் காற்றே இரை என்று
அழகான கையெழுத்தில் எழுதியவன்.
தண்ணீரை விட்டுப் பாலை மட்டும் குடித்த அன்னத்துக்கு
ஐந்துக்கு ஐந்து.
பசித்த பிராணியின் பக்கத்தில் போய்
உட்கார்ந்து பார்த்தவன் எவனும்
பாட்டெழுதவில்லை போல.

இலைமேல் தண்ணீர் தெளித்தேன்.
நெடுநேரம் குடித்தது, கண்ணை மூடி மூடி.
பிறகு டப்பாவிலிருந்து ஒரு சுவர்க்கோழி.

டப்.

நாக்கு போனதை இருவரும் பார்க்கவில்லை.
வாயோரம் ஒரு கால் மட்டும்
உதறிக்கொண்டிருந்தது.

ஓரஸ்ட் தொப்பியை மடித்தார், விரித்தார்,
மறுபடி மடித்தார்.
'அப்பாவுக்கு அதன்மேல் ரொம்பப் பிரியம்'
என்றார், யாரோ குற்றம் சொன்னதுபோல.
இருபது சுவர்க்கோழி ஆறு டாலர்.
சில்லறையாக எண்ணி வைத்தார்.

போகிறவர் கதவருகில் நின்று,
'நீ மதியம் சாப்பிட்டாயா?'
இந்த மாதம் எனக்கு வாரத்தில்
பன்னிரண்டு மணிநேர வேலைதான்.
'ஆச்சு' என்றேன்.

தொப்பி விளிம்பில் இரண்டு கண்கள்.
ஒன்று டப்பாவின் மேல்.
மற்றது மெல்லச் சுழன்று வந்து
என்மேல் நின்றது.