அரைக்கிலோ துவரம்பருப்பு

கடைக்குப் போகுமுன்
வீட்டிலேயே ஒரு சோதனை வைத்தேன்.
அரைக்கிலோ துவரம்பருப்புப் பாக்கெட்டை
தேசிங்கின் வலது கையில் கொடுத்து
முகத்துக்கு நேரே பிடிக்கச் சொன்னேன்.
இடது கையை அசைக்கக் கூடாது என்றேன்.
"இன்னாத்துக்குடி இது?"
"புடிங்க, சொல்றேன்."
பதினோராவது நிமிடத்தில்
பருப்பு மார்புக்கு இறங்கிவிட்டது.

வாரம் மூன்று நாள், நாலு மணி நேரம்,
இடது கையில் இரண்டு ஊசி.
ரத்தம் வெளியே போய்ச் சுற்றிவிட்டு
வீடு திரும்பும்வரை
அந்தக் கை அவருடையது இல்லை.
விளம்பரத்தில் வருகிற எல்லோருக்கும்
இரண்டு கை.

தோட்டப்பாளையத்தில் கடை.
"டேப்லெட் எங்க?" என்றதும்
காவலாளி எதிர்ச்சாரி மருந்துக்கடையைக் காட்டினார்.
வேலூரில் அதற்காக
யாரையும் கோபித்துக்கொள்ள முடியாது.

உள்ளே சுஹேல் என்றொரு பையன்.
கேமரா நல்லா இருக்கும்க்கா, பேனா வருது,
வரையலாம், நாலு ஸ்பீக்கர் என்றான்.
எத்தனை கிராம் என்று கேட்டேன்.
பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
அதை யாரும் கேட்டதில்லையாம்.
பதினோரு அங்குலம்: ஐந்நூற்றுச் சொச்சம்.
பருப்பைத் தாண்டிவிட்டது, எடுத்து வை.
எட்டேமுக்கால்: முந்நூற்று முப்பது.
உறையோடு சொல்லு தம்பி,
சட்டை போடாமல் யாரும் வெளியே போவதில்லை.

அறுபத்துநாலு ஜிபி என்று எழுதியிருந்தால்
அறுபத்துநாலு என்று நம்பிவிடாதீர்கள்.
ஓர் அறையைப் பூட்டி வைத்துக்கொண்டு
வீட்டை வாடகைக்கு விடுகிறவர் மாதிரி
இருபதை அதுவே வைத்துக்கொள்ளும்.
எங்களுக்கு இடம் வேண்டும்.
வார்டில் சிக்னல் எட்டிக்கூடப் பார்க்காது,
முந்தின ராத்திரியே எல்லாம் இறக்கியாக வேண்டும்.

எல்லாம் என்றால் மலைப்பாதைகள்.
இருபத்தாறு வருடம் குடியாத்தம் வண்டியில் நடத்துநர்.
பின்படியில் நின்று
ஊரெல்லாம் தன்னைவிட்டுப் போவதையே பார்த்தவர்.
இப்போது யாரோ ஓட்டுநர் பக்கத்தில் உட்கார்ந்து
எடுத்த படங்களைப் பார்க்கிறார்.
"ரோடு நம்மகிட்ட வருது பாரு" என்பார்
ஏதோ புதிதாகக் கண்டுபிடித்ததுபோல.

ஒரு படம் திறக்க எவ்வளவு நேரம் ஆகிறதென்று
இமைத்து இமைத்து எண்ணினேன்.
பள்ளியில் படித்த கணக்கு:
ஓர் இமைப்பு, ஒரு மாத்திரை.
நாலு மாத்திரைக்குள் திறந்தது.
பிறகு வாசலுக்கு எடுத்துப்போய்
மே மாத வெயிலில் பார்த்தேன்.
மலை தெரியவில்லை, என் முகம் தெரிந்தது.
பரவாயில்லை, அவர் படுப்பது ஜன்னலோரம் இல்லை.

கீழே விழுந்து கண்ணாடி உடைந்தால்
உத்தரவாதத்தில் வராது.
அந்தச் சின்ன எழுத்துத் தாளில்
எதெல்லாம் வராது என்பதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

பில் போடும் நேரத்தில் சுஹேல்
தானாகவே ஒன்று சொன்னான்.
"அக்கா, இதுக்கு நாலு வருஷம் அப்டேட் வரும்.
அந்த மலிவானதுக்கு ரெண்டுதான்.
எத்தினி வருஷம் யூஸ் பண்ணுவீங்கன்னு
நீங்களே பாத்துக்கோங்க."

இதே கேள்வியைப் பெரிய டாக்டரிடம்
நான் மூன்று முறை கேட்டிருக்கிறேன்.
மூன்று முறையும் "பார்க்கலாம்மா."

"ரெண்டுக்கும் எவ்ளோ வித்தியாசம்?"
"மூவாயிரத்து ஐந்நூறு."
பையில் இருந்ததை எண்ணினேன்.
மறுபடியும் எண்ணினேன்.
"நாலு வருஷத்ததே போடு."

விலையைக் குறைத்துத்தான் சொன்னேன் வீட்டில்.
நடத்துநரிடம் சில்லறைக் கணக்குத் தப்புமா,
என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

முதல் செவ்வாய்க்கிழமை, மூன்றாவது மணி நேரத்தில்
அழுத்தம் இறங்கி வியர்த்து
கை மெல்லத் தளர்ந்தது.
உறை போட்ட பலகை மார்பில் சாய்ந்து
ஏலகிரி வளைவுகளை
வார்டின் கூரைக்குக் காட்டிக்கொண்டிருந்தது.
கால்பக்கம் உயர்த்தி, குழாயைச் சரிபார்த்துவிட்டு,
கொஞ்சம் நிறம் வந்ததும் நர்ஸ் கேட்டாள்:
"அண்ணா, ஓடிக்கினே கீது. நிறுத்திடட்டா?"

கண் திறக்காமலே சொன்னார்:
"வாணாம்மா. இன்னும் ஸ்டாப்பிங் வரல."