வியாழன் இரவு

மாதக் கடைசி.
மேசையில் கட்டம் போட்ட தாள்.
கணினியிலும் போடலாம், என் கைக்குப் பென்சில்தான் பேசும்.
இரண்டாம் வார்டுக்கு அனுமதித்த இடம் இருபத்திரண்டு
ஆள் பதினைந்து.
பதினைந்தில் ஒருத்திக்கு எட்டாம் மாதம்
ஒருத்திக்கு இடுப்பு
ஒருத்தி ராஜினாமாவை
பிஸ்கட் டின்னுக்கு அடியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்
நான் தேத்தண்ணிக்குப் போகும் நேரம் பார்த்து.

லோஷினியைக் குறை சொல்ல வாய் வரவில்லை.
பாலத்துக்கு அந்தப் பக்கமும் இதே ஊசி, இதே ராத்திரி
சம்பளம் மட்டும் மூன்று மடங்கு.
மூன்று வருஷம் அரசாங்கம் படிக்கவைத்தது
நாலு வருஷம் நான் ராத்திரி வேலை போட்டுத் தேய்த்தேன்
தேய்ந்ததை யாரோ நல்ல விலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

அதே மேசையில் மேலிடத்துக் கடிதம்:
பத்து வருஷம் கழித்து உங்கள் வார்டுக்கு
எத்தனை தாதியர் தேவைப்படுவர்?
பதிலுக்கு ஒரு கட்டம், என் சுண்டுவிரல் நகமளவு.

தோட்டத்தில் இந்தக் கணக்கு சுலபம்.
விடியாத இருட்டில் பெரட்டு.
ஒரு ஆளுக்கு இத்தனை மரம்,
வராத ஆளின் மரத்தை இன்னொருத்தர் சேர்த்துச் சீவலாம்,
இல்லாவிட்டால் மரம் ஒரு நாள் சும்மா நிற்கும்.
எந்த மரமும் மூன்று மணிக்கு மூச்சு முட்டி
மணி அடிக்காது.

முப்பத்தொன்று என்று எழுதினேன்.
எப்படி வந்தது என்று கேட்க
பாரத்தில் கட்டம் இல்லை.

ஜனவரியில் என்னையும் நேர்முகத்தில் உட்காரவைத்தார்கள்
சிலிம் ரிவர் மண்டபத்தில், மூன்று நாற்காலிகளில் ஓரத்து நாற்காலி.
வடக்கு டிவிஷனிலிருந்து விஷாந்தினி என்றொரு பெண்.
அப்பாவின் சர்க்கரைப் புண்ணை நாலு வருஷம் கட்டியவள்,
இரண்டு விரல் போயும் மூன்றைக் காப்பாற்றியவள்.
ஏன் தாதியாக வேண்டும்?
முன்னால் வந்த பதினெட்டுப் பேரும் 'சேவை' என்றார்கள்.
இவள்,
'மாசம் சம்பளம் வரும். சீழ் எனக்குப் பழக்கம்' என்றாள்.
முழு மதிப்பெண் போட்டேன்.
கணிதத்தில் டி. கல்லூரி கேட்பது சி.
இப்போது தஞ்சோங் மாலிமில் பேரங்காடிக் கல்லாவில் இருக்கிறாள்
மெஷின் காட்டுமுன்
மீதிச் சில்லறையைச் சொல்லிவிடுகிறாள்.
அன்றைக்கு என்னைப் பார்த்தாள்.
பார்க்காத மாதிரி முட்டைத் தட்டைத் தனிப் பையில் வைத்தாள்.

எங்களுக்கு வந்தவள் ஜொவித்தா.
சபாவில் தெனோம், இரண்டு விமானம், ஒரு பஸ்,
ஊருக்கு மாற்றல் கேட்டு மூன்று விண்ணப்பம்.
டார்ச்லைட்டில் பிளாஸ்திரி ஒட்டி
அதில் மலாய் எழுத்தில் மூன்று தமிழ்ச் சொல்:
வலி. மூச்சு. கொஞ்சம்.
அந்த மூன்றை வைத்தே
ராத்திரி முழுக்க வார்டைச் சுற்றி வருகிறாள்.
செம்பனைக் குலை விழுந்து கால் முறிந்த
வங்காளதேசத்துப் பையனிடமும்
'வலி? கொஞ்சம்?' என்கிறாள்.
அவனும் தலையாட்டுகிறான்.

லோஷினியின் பெயரை அழிக்கிறேன்.
நூர்ஹிதாயாவை எழுதுகிறேன்.
அவளுக்கு அன்று பிள்ளையின் அறுவை, அழிக்கிறேன்.
செல்வராணி மூன்று ராத்திரி சேர்ந்தாற்போல் பார்த்தவள்,
எழுதி, வெட்கப்பட்டு, அழிக்கிறேன்.
என் பெயர். ஏற்கெனவே இரண்டு இடத்தில்.
அழிக்கிறேன்.
தாள் கிழிந்தது.
வியாழன் இரவு இருந்த இடத்தில் ஓட்டை,
அதன் வழியே மேசையின் பச்சை ரெக்சின்.

பின்பக்கம் டேப் ஒட்டி
ஜொவித்தாவைக் கூப்பிட்டேன்.
அந்தப் பக்கம் எண்ணெயில் ஏதோ பொரியும் சத்தம்.
'வியாழன் ராத்திரி, முடியுமா?'
அடுப்பை அணைத்தாள் போலிருக்கிறது
சத்தம் நின்றது.

'வலி, சிஸ்டர்' என்றாள்.
பிறகு சிரித்து,
'கொஞ்சம்.'

டேப்பில் பென்சில் ஏறவில்லை.
பேனா தேடினேன்.