ஆற்றுக்கு அடியில் ஒரு நிறுத்தம்

எங்கள் ஊரில் சப்வே என்றால்
தண்டவாளத்துக்குக் கீழே மழைத்தண்ணீர் நிற்கும் பள்ளம்.
அதில் ஒரு ஷேர் ஆட்டோ பாதி முங்கியிருக்கும்.
டிரைவர் அதன் கூரைமேல் உட்கார்ந்து
போனில் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருப்பார்.
அதனால் சப்வே என்று சொல்வதை விட்டுவிட்டேன்.
மெட்ரோ என்கிறேன். அதற்கும் சிரிக்கிறார்கள்.

ஆறு நாள் ஆஸ்பத்திரியில் லிப்ட் ஓட்டுகிறேன்.
ஏழாம் நாள்
காட்பாடியில் விடியற்கால வண்டி ஏறி
சென்ட்ரலில் இறங்கி
மறுபடியும் இறங்குகிறேன், பூமிக்குள்.
யாரையும் பார்க்க இல்லை, எதையும் வாங்க இல்லை.
விம்கோ நகரிலிருந்து விமான நிலையம்.
விமான நிலையத்திலிருந்து விம்கோ நகர்.
“அவ்ளோ தூரம் போயி பிளேன் பாக்கலியா?”
என்கிறான் பாக்கியநாதன்.
எப்படிப் பார்ப்பது?
எதிர் மேடையில் வண்டி கதவைத் திறந்து வைத்திருந்தது.

கண்ணாடிக் கதவு போட்டதில் எனக்கு வருத்தம்தான்.
வண்டிக்கு முன்னால் வரும் காற்றை மறித்துவிட்டார்கள்.
ஆனாலும் கதவிடுக்கில்
ஒரு விசில் கசியும், காது வைத்தால்.
கிளம்பும்போது மோட்டார் மூன்று சுரம் ஏறும்,
மூன்றாவதில் கொஞ்சம் தயங்கும்.
சைதாப்பேட்டை தாண்டினால் பாதை மேலே சாயும்.
கண்ணுக்கு முன்னால் பாதத்துக்குத் தெரிந்துவிடும்.
பிறகு படாரென்று வெயில்,
மொட்டைமாடிகளில் யார் யாருடைய துணியோ.
பெட்டி முழுக்கப் போனைப் பார்த்திருக்க
நான் மட்டும் எழுந்து நிற்பேன்,
தேசிய கீதம் போட்ட மாதிரி.

ஆறு உண்டு தண்ணீர் இல்லை,
கோட்டை உண்டு ராஜா இல்லை,
கோயில் உண்டு சாமி இல்லை என்று
வேலூரைப் பற்றிப் பழைய கேலி.
மூன்றாவது வரி எண்பத்தொன்றில் பொய்யாகிவிட்டது.
அந்த தைரியத்தில்தான் வரைந்தேன்:
காட்பாடி, விருதம்பட்டு, கிரீன் சர்க்கிள்,
ஆஸ்பத்திரி, கோட்டை, தொரப்பாடி, பாகாயம்.
சிவப்பு ஸ்கெட்ச் பேனா. ஒரே கோடு.
லிப்ட் சுவரில்
‘எட்டு பேர், 544 கிலோ’வுக்குக் கீழே ஒட்டினேன்.
ஒன்றரை வருடம் அது விளம்பரம் என்றே நினைத்தார்கள்.

ஷுபர்ணாதான் முதலில் நின்று படித்தாள்.
எழுத்தை இல்லை, கோட்டை.
கொல்கத்தா மெட்ரோவில் டோக்கன் கவுன்டர், பதினோரு வருடம்.
ஐந்தாவது மாடியில் தம்பி, சிறுநீரகம்.
எங்களுக்குள் பொதுவாக இருந்தது ஏழெட்டு இந்தி வார்த்தை.
கோட்டின் குறுக்கே நான் போட்ட நீல வளைவைத் தொட்டு
நதியா என்றாள். ஆமாம்.
தண்ணீர்?
கையை விரித்தேன். அது பொய் என்று பட்டது.
மணலுக்குக் கீழே ஓடுகிறது,
முழங்கை அளவு தோண்டினால் விரல் நனையும்,
இதை எந்த இந்தியில் சொல்ல?
லிப்டின் கடைசிப் பொத்தானைக் காட்டினேன்.
பேஸ்மென்ட்.
அவ்வளவு சத்தமாக அங்கே யாரும் சிரித்ததில்லை.

அவர்கள் வண்டியும் ஆற்றுக்கு அடியில் போகிறதாம்.
சுரங்கத்தில் நீல விளக்கு எரியுமாம்.
ஒரு நிமிஷம்கூட இல்லை,
பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொள்வார்களாம்.
பிடித்துக் காட்டினாள். நானும் பிடித்தேன்.
தரைத்தளத்திலிருந்து ஐந்து வரைக்கும்.
எக்ஸ்ரே கவர் வைத்திருந்த ஒருவர்
எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஐந்தில் கதவு திறந்தது.
அந்தப் படுக்கைக்கு வேறு யாரோ வந்திருந்தார்கள்.
நல்லபடியாகவா, இல்லையா,
லிப்ட்காரனுக்குச் சொல்ல வேண்டுமென்று விதி இல்லை.
சாயங்காலம்தான் கவனித்தேன்:
விருதம்பட்டுக்கும் கிரீன் சர்க்கிளுக்கும் நடுவே,
நீல வளைவுக்குச் சரியாகக் கீழே,
பேனாவால் ஒரு சின்ன வட்டம்.
பக்கத்தில் வங்காளத்தில் ஒரு பெயர்.
காந்தி ரோட்டில் டீ ஆற்றுகிற பையன்கூடப் படித்துச் சொல்வான்.
இன்னும் கேட்கவில்லை.

இரண்டாம் நம்பர் பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறேன்.
பாலாற்றுப் பாலம் ஏறியதும் மூச்சைப் பிடிக்கிறேன்.
பாலம் நீளம், முன்னால் ஒரு கரும்பு லாரி.
“என்னண்ணே, நெஞ்சு வலியா?”
கண்டக்டர் குனிகிறார்.
கையை மட்டும் ஆட்டுகிறேன்,
பாதி தூரம்கூட வரவில்லை.