காலி எடை

கிருஷ்ணகிரி புறவழிச்சாலையில்
பதினெட்டு வருஷமாய் எடைமேடை எனக்கு.
கிரானைட், மாங்கூழ் பீப்பாய், புளிமூட்டை
எது வந்தாலும் இரண்டு தரம் எழுதுவேன்:
காலியாய் ஒன்று, பாரத்தோடு ஒன்று.
நடுவில் மிஞ்சுவதுதான் சரக்கு.

கேம்பர் ட்ரெய்லர் வாங்கலாமென்று
அனுமந்தன் படங்களை நீட்டியபோதும்
அதைத்தான் கேட்டேன்.
காலி எடை எவ்வளவு?

அவருக்குக் கணக்கு ஆசையில் தொடங்கும்.
நாலு படுக்கை, கழிப்பறை,
இழுத்தால் வெளியே வரும் அடுப்படி.
"நாலு யாருக்கு?"
"இருக்கட்டுமே."
நாங்கள் இரண்டு பேர்.
கல்யாணமான நாளிலிருந்து இரண்டே பேர்.
காலிக் கட்டிலுக்கும் எடை உண்டு என்றேன்.
சொல்லியிருக்க வேண்டாம்.
பாதிச் சோற்றில் கை கழுவினார்.

சூளகிரியில் இர்ஃபான் பட்டறை.
"பெரிசு அழகாத்தான் இருக்கும் அக்கா,
உங்க பொலேரோ அதுக்கேத்த மாடு இல்ல.
தனி பிரேக் வேணாம்னா
எழுநூத்தம்பது கிலோவோட நிறுத்திக்குங்க."
ஆணி அடிக்காத பலகைமேல்
எங்கள் இருவரையும் படுக்கவைத்து அளந்தான்.
இவர் பாதம் நாலு விரல் வெளியே நின்றது.
நாலு விரல் கூட்டினான், காசு கூட்டவில்லை.

புறப்படும் நாள் என் மேடையிலேயே ஏற்றினேன்.
காலி 540 என்று முன்பே எழுதிவைத்தது.
இப்போது 835.
தண்ணீர்த் தொட்டியில் நூறு லிட்டர்.
காவிரிக்குப் போகிறவள்
தண்ணீர் சுமந்துகொண்டா போவாள்?
குழாயைத் திறந்துவிட்டேன்.
எண்கள் ஐந்தைந்தாய் இறங்கின
735 வரைக்கும்.

அப்போதும் பதினைந்து கிலோ உதைத்தது.
அரிசி, அடுப்பு, சிலிண்டர், துணி
ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம்.
மெத்தையைத் தூக்கிப் பார்த்தேன்.
ஒரு மடக்குக் கட்டில்.
அவர் டயரில் காற்று பார்ப்பதுபோல் குனிந்திருந்தார்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
பின்னாலிருந்து எடுத்து
அச்சுக்கு முன்னால் தள்ளி வைத்தேன்.
பின்பாரம் கூடினால் வண்டி வாலாட்டும்.

கொக்கி, சங்கிலி, விளக்கு ஒயர்
மூன்றையும் இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன்.
என் கையெழுத்துச் சீட்டோடு போன லாரி ஒன்று
தொப்பூர் இறக்கத்தில் நிற்கவில்லை.
சீட்டில் எடை சரியாகத்தான் இருந்தது.
அன்றிலிருந்து
சரிவைப் பார்த்தால் என் கால் தானாய்க் கூசும்.

பென்னாகரம் தாண்டி மலைப்பாதை,
கொண்டையூசி வளைவுகள்.
இரண்டாம் கியரை விட்டு ஏறவேயில்லை நான்.
"ஆட்டோகூட முந்துது" என்றார்.
முந்தட்டும்.
பின்னால் ஒரு வீடு வருகிறது,
அதற்கு நம் அவசரம் தெரியாது.

ஒகேனக்கலில்தான் மானம் போனது.
ரிவர்ஸ் எடுக்கிறேன்,
இடப்பக்கம் ஒடித்தால் வலப்பக்கம் போகிறது,
வலப்பக்கம் ஒடித்தால் பேனாக்கத்திபோல் மடங்குகிறது.
அனுமந்தன் காட்டிய கைசாடைக்கு
விமானமே இறங்கியிருக்கும்.

எண்ணெய்க் கிண்ணத்தோடு பார்த்துக்கொண்டிருந்த ஒருவர்,
மசாஜ் செய்கிறவர், பேர் கெம்பன்,
பாலக்கோடு ஆலைக்குக் கரும்பு ட்ராக்டர் ஓட்டியவராம்,
ஜன்னலோரம் வந்தார்.
"ஸ்டியரிங் அடியில கையை வைம்மா.
வண்டி எந்தப் பக்கம் போகணுமோ
அந்தப் பக்கம் கையை நகத்து. அவ்ளோதான்."
அவ்வளவுதான்.
மூன்றாவது தடவையில்
புங்கமரத்தடியில் போய் நின்றது.

மட்டம் பார்க்கக் கருவி இல்லை.
டம்ளரில் டீ ஊற்றித் தரையில் வைத்தேன்.
ஒரு பக்கம் சாய்ந்தது டீ.
சக்கரத்தடியில் ஒரு பலகைச் சில்லு,
பிறகு இன்னொன்று.

நான் கொக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது
மடக்குக் கட்டிலை இவர் வெளியே விரித்திருந்தார்,
என் முகத்தைப் பார்க்காமல்.
எண்ணெய் படுமே என்று கூச்சப்பட்டு
ஓரத்தில் உட்கார்ந்தார் கெம்பன்.
மட்டம் பார்த்த டீயை அவரிடம் கொடுத்தேன்.

கட்டில் பதினைந்து கிலோ.
ஆள் ஒரு அறுபது இருப்பார்.