கவ்வாத்துக்கு முந்தி

எத்தனை நாளாய் இந்தப் புண் என்று
சிங்களத்தில் கேட்கிறார் டொக்டர் விமுக்தி.
தமிழில் சொல்வது என் வேலை இல்லை.
என் வேலை கட்டு மாற்றுவது.
ஆனால் புதன்கிழமைகளில்
நுவரெலியா ஆஸ்பத்திரியின் ஆறாம் அறையில்
இரண்டு மொழிக்கும் நடுவே நிற்க
வேறு ஆளில்லை.

"ஏழாம் நம்பர் மலையக் கவ்வாத்து வெட்டுனாங்கல்ல,
அதுக்கு முந்தியே இருந்துச்சுங்க மிஸ்ஸி"
என்கிறாள் சிந்தாமணி
கன்னத்தைக் கையில் ஏந்திக்கொண்டு.

விரல் மடக்கினேன்.
வெட்டிய செடி துளிர்த்து,
மட்டம் உடைத்து,
கொழுந்துக்கு வந்து இரண்டு மழை.
"இரண்டு வருஷம், சேர்."
பேனா நின்றது.
பிறகு எழுதியது.

ஏன் முன்னமே வரவில்லை?
அவள் சிரிக்கப் பார்த்தாள். வாய் பாதிதான் திறந்தது.
"பேரு போயிருமே."

அதை எப்படிச் சொல்வேன்?
எங்கள் தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் கூலி.
பதினெட்டுக் கிலோ நிறைந்தால் முழுப் பேர்,
நிறையாவிட்டால் அரைப் பேர்.
ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறியவளுக்கு
அன்றைக்குப் பேரே கிடையாது.
"வேலை அதிகமாம்" என்றேன் டொக்டரிடம்.
பொய் இல்லை.
உண்மை போலவும் இல்லை.

"தோட்டத்து டிஸ்பென்சரியில காட்டுனேனே.
ஊதா மருந்து தந்தாங்க. பூசுனேன்.
தீந்தா மறுபடியும் தந்தாங்க."

வெற்றிலை?
"போயிலையோட.
காலையில ரொட்டி புள்ளைகளுக்குச் சரியாப் போயிரும்.
பகல் கொழுந்து நிறுக்கிற வரைக்கும்
வாயில ஏதாச்சும் கெடக்கணும்ல.
குளிரும் தெரியாது."

அவர் தலைக்கு மேலே சுவரொட்டி.
ஒரு தட்டில் பப்பாசி, ஆரஞ்சு, கரட், கீரை.
தமிழ் வரியில் ஒரு கால் விடுபட்டிருந்தது.
சிந்தாமணி நெடுநேரம் அதையே பார்த்தாள்.
"கரட்டு எங்க பக்கந்தான் மிஸ்ஸி.
ஞாயித்துக்கெழம கைக்காசுக்குப் போய்
லொறியில ஏத்திவிடுவோம்."

போன மாசம் இதே நாற்காலியில்
அவளுடைய பெரிய துரையின் மனைவி.
பல்லை வெள்ளையாக்கக் கொழும்புக்குப் போன இடத்தில்
நாக்கோரம் சீனித்துகள் போல் ஒரு வெள்ளை
டாக்டர் கண்ணில் பட்டிருக்கிறது.
அந்தக் கிழமையே வெட்டி எடுத்துவிட்டார்கள்.
இங்கே தையல் பிரிக்க மட்டும் வந்தார்.
பெயர் சொல்லாமல் அதைச் சொல்லிவிட்டேன்.
ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை,
தைரியத்துக்காக இருக்கலாம்.
அவளுக்குப் புரிந்துவிட்டது.
"நம்ம தொரசாணிதானே? நல்ல அம்மா.
பங்களாவுக்குப் புல்லு வெட்டப் போனா
தேத்தண்ணி தரும்."

புண்ணின் ஓரத்தில் ஒரு கிள்ளு எடுத்து
போத்தலில் போட்டார் டொக்டர்.
பஞ்சைக் கடித்தபடி எட்டிப் பார்க்கிறாள்:
"இதையும் நிறுப்பாங்களா?
தண்ணிக் கழிவுன்னு ரெண்டு கிலோ வெட்டிற மாட்டாங்களே?"
நான் சிரித்தேன்.
என்ன சொன்னாள் என்று கேட்டார் டொக்டர்.
சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து,
மஹரகமைக்கு ஒரு கடிதமும்
தோட்டத்துக்கு ஒரு கடிதமும் எழுதினார்.

மஹரகமை எவ்வளவு தூரம் என்று கேட்டாள்.
எத்தனை பேர் போகும் என்று கேட்டாள்.
நாள் கணக்கில் சொல்ல எனக்கு வரவில்லை.

படிவத்தை நிரப்பினேன். முதல் கட்டம்: முழுப் பெயர்.
முத்துக்கருப்பன் சிந்தாமணி.
வயது நாற்பத்தாறு. தொழில் கொழுந்து பறித்தல்.
எதனால் என்பதற்கு
அதில் கட்டம் இல்லை.

நானும் பணியக்கணக்கு லயத்தில் பிறந்தவள்.
அப்பா கொழும்பில் ஒரு புடவைக்கடையில் நின்று
என்னைப் படிக்கவைத்தார்.
அவ்வளவுதான் வித்தியாசம்.
மாலை பஸ்ஸில் ஜன்னல் முழுக்கப் பனிமூட்டம்.
நாக்கு தானாகவே போய்க்
கன்னத்தின் உட்பக்கத்தைத் தடவிப் பார்க்கிறது,
ஒரு பக்கம்,
பிறகு மறுபக்கம்.