இரண்டாவது தண்ணி

"நாளைக்கு வாரனுங்க" என்று
நாலு நாளாய்ப் போனில் சொன்னார் பொங்கியண்ணன்.
ஐந்தாம் நாள் பொழுதோட
கம்பெனி மெக்கானிக்கிடம் ரென்ச் இரவல் வாங்கி
சிங்க்குக்கு அடியில் மல்லாந்து படுத்தேன்.
இடுப்புவரை உள்ளே, கால் ரெண்டும் ஹாலில்,
வெளிச்சத்துக்கு செல்போன் பல்லிடுக்கில்.

திருப்பூர்ப் போர்த் தண்ணி
நட்டைச் சுற்றி உப்பாய் வளர்ந்திருக்கிறது.
நட்டு எது, சுண்ணாம்பு எது?
தட்டினேன். எலுமிச்சை தேய்த்தேன்.
மூக்கால் திட்டினேன்.
திட்டுக்குத்தான் அசைந்தது.

வளைவுக் குழாயைக் கவிழ்த்தால்
கடுகு, கறிவேப்பிலை ஈர்க்கு, என் முடி,
அப்புறம் பனியன் பஞ்சு, உருண்டை உருண்டையாய்.
செக்கிங் டேபிளிலேயே உதறிவிட்டு வந்ததாக
ஆறு வருசமாய் நினைப்பு எனக்கு.

சுவரில் இப்போது வெறும் ஓட்டை.
அதற்குள் மேல்வீடு கேட்கிறது:
குண்டா உருளும் சத்தம், ஒரு தும்மல்.
சீட்டுப்பணத் தகராறில்
ஆடி நோம்பியிலிருந்து என்னோடு பேசாத தெய்வாத்தாள்.

கீழே அடைப்பு. இறங்க வழியில்லாமல்
என் மேல் வந்து விழுந்தது
அவள் அரிசி களைந்த தண்ணி,
காது, கழுத்து, ரவிக்கை எல்லாம்.
கத்தலாம்தான்.
வாய் நிறைய செல்போன்.

மேலே காலிங் பெல்.
"பிளம்பருங்க. சிங்க் கழட்டோணும்னாங்க..."
ஓட்டை வழியே அவள் குரல்:
"எங்கூட்டுல இல்லீங்க, கீழூடுங்க.
அவளே கழட்டீட்டுக் கெடக்கறா,
சுருக்காப் போங்க."

எப்போதும் இரண்டு தரம் களைவாள்.
வாளியை இழுத்து வைத்துக்கொண்டு
ஓட்டையையே பார்த்துக் கிடந்தேன்.

இரண்டாவது தண்ணி வரவில்லை.